டைகர் மோத்தா, கேமலா, ஸ்டேர்மனா: மாப்பிள்ளை கேட்ட கேள்வி

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினான். மூன்றும் ரேடியோவில் பறக்கவிடும் இரட்டை இறக்கை மாடல் விமானம், மூன்றும் பால்சா என்ற லேசான மரத்தில் நாமே கட்டுகிற கிட். கீழே ஒரே வரி: "மாமா, இதுல எத வாங்கட்டும்?"

ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியிலேயே பதில் சொல்லிவிடலாம். எனக்கும் அந்தக் காலத்தில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கிய என் முதல் இரட்டை இறக்கை, பாயான் லெப்பாஸ் பிளாட்டில் அலமாரிக்கு மேலே வெறும் எலும்புக்கூடாக ஒன்பது வருஷம் கிடந்தது. அதனால் மாப்பிள்ளைக்கு விரிவாகவே எழுதினேன். அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

அவன் அனுப்பியவை டி ஹாவிலண்ட் டைகர் மோத், சாப்வித் கேமல், போயிங் ஸ்டேர்மன். மூன்றும் ஆறில் ஒரு பங்கு அளவு. நிஜ டைகர் மோத்தின் இறக்கை நுனிக்கு நுனி 8.94 மீட்டர்; ஆறால் வகுத்தால் 1.49. கேமல் 8.53, மாடலில் 1.42. ஸ்டேர்மன் 9.8, மாடலில் 1.63. படத்தில் பார்த்தால் மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கும். குணம் ஏணி வைத்தாலும் எட்டாது.

முதலில் ஒன்று. அவன் ஃபோம் டிரெய்னரில், அதாவது நுரையில் செய்த பயிற்சி மாடலில், ஒன்றரை வருஷம் பறந்துவிட்டான். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் மடல்) உள்ள தாழ் இறக்கை விமானத்தையும் உடைக்காமல் இறக்குகிறான். அந்த இடத்துக்கு இன்னும் வராதவர்களுக்கு இந்த மூன்றில் எதுவுமே வேண்டாம்.

கிட்டைப் பற்றிப் பேசுமுன் வானத்தைப் பற்றிப் பேச வேண்டும். பினாங்குத் தீவில் தெற்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையம். கடலைத் தாண்டினால் பட்டர்வொர்த் ஆகாயப் படைத் தளம். விமானத் தளத்தைச் சுற்றியுள்ள வான்பரப்பில் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. மற்ற இடத்திலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு விதியையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் தீவில் நமக்கு மிஞ்சுவது வீட்டு மாடியும் கோயில் வாசலும்தான். ஆக, காரில் ஏற்றிப் பாலம் தாண்டி, செபராங் பிறை உள்ளே வயல்காடு, செம்பனைத் தோட்டம் என்று போக வேண்டும். போய்ச் சேரும்போது காலை ஏழரை. பத்து மணிக்கு மேல் கடல் காற்று கிளம்பிவிடும். மரத்துணித் தேகமுள்ள இரட்டை இறக்கைக்கு அந்தக் காற்று ஆகாது. கையில் இருப்பது இரண்டரை மணி நேரம்.

அந்த இரண்டரை மணியில் விமானத்தைப் பூட்ட எவ்வளவு போகும்? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. ஒற்றை இறக்கை என்றால் இரண்டு போல்ட், வேலை முடிந்தது. இரட்டை இறக்கையில் மேல் இறக்கை, கீழ் இறக்கை, நடுவில் தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே கம்பிகள், ஏலரான் இணைப்புகள். கம்பிகள் நிஜமாகவே பாரம் தாங்குகிறவை என்றால் ஒவ்வொன்றையும் முறுக்கி இழுவை பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அருமையான ஒரு இரட்டை இறக்கையைக் கட்டி முடித்தவர், அதைப் பூட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது என்பதற்காகவே வருஷத்துக்கு இரண்டு தடவைதான் வெளியே எடுக்கிறார். மற்ற நாள் அது ஹாலில் தொங்குகிறது. மின்விசிறி ஓடினால் ஆடும். வந்தவர்கள் பார்த்து "ஆஹா" என்பார்கள்.

இந்த அளவுகோலை வைத்து மூன்றையும் நிறுத்துகிறேன்.

கேமல் அழகி. அதை மறுக்க மாட்டேன். 1916 டிசம்பரில் முதலில் பறந்த போர் விமானம். துப்பாக்கிகளுக்கு மேல் மூடியிருக்கும் தகரம் ஒட்டகத்தின் திமில் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். எஞ்சின், விமானி, துப்பாக்கி, எரிபொருள் எல்லாம் முன்பக்கத்தின் ஏழடிக்குள் நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் சட்டென்று திரும்பும். அதே காரணத்தால் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் பலரை அது கொன்றும் இருக்கிறது. நிஜ கேமலில் எஞ்சினே விசிறியோடு சேர்ந்து சுழலும்; அந்தப் பம்பர விசை நம் மின் மோட்டாரில் பெரிதாகக் கிடையாது; அந்தத் தொல்லை மாடலுக்கு இல்லை. ஆனால் குட்டை மூக்கு அப்படியே வரும். மூக்கு குட்டை என்றால் வால் கனக்கும். வால் கனத்தால் முன்னால் ஈயம் போட வேண்டும். என் கேமலுக்கு 400 கிராம் ஈயம் ஏற்றினேன். மொத்தம் 3.1 கிலோவில் அது என்ன பங்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் நான் முட்டாள்தனம் பண்ணினேன். இரண்டு பறத்தல் நன்றாகப் போனது. "இவ்வளவு ஈயம் எதற்கு, கொஞ்சம் கனம் குறைந்தால் மிதந்து இறங்குமே" என்று மூன்றாவது வாரம் 80 கிராமைக் கழற்றிவிட்டேன். எடுத்தது ஒழுங்காக எடுத்தது. இறங்க வந்தபோது கடைசித் திருப்பத்தில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கம் கவிழ்ந்து, தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, செம்பனை வரிசைக்குள் போய்விட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. காய்ந்த ஓலை முறிகிற மாதிரி ஒரு சத்தம். கால் மணி நேரம் தேடிக்கொண்டிருந்தபோது தோட்டத்து ஐயா ஒருவர் மேல் இறக்கையை முழுசாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இது ஒங்க சாமானா? மத்தது அந்தப் பக்கம் தூளா கெடக்கு" என்றார். அந்த இறக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது.

கேமலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நான்கு இறக்கைப் பகுதியிலும் ஏலரான். கீழுள்ளதற்கு சர்வோ (ரேடியோ சொல்கிறபடி மடலை அசைக்கும் குட்டி மோட்டார்) வைத்து, மேலுள்ளதை ஒரு குச்சியால் கீழோடு இணைக்க வேண்டும். களத்தில் அந்த இரண்டு குச்சியைப் பூட்டுவது சின்ன வேலைதான். ஆனால் ஒன்றை மறந்து கிளம்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். உங்களுக்கு முதல் உலகப் போர் விமானம்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால் அதே சாப்வித் கம்பெனியின் பப் எடுங்கள். நிஜ பப்புக்கு 23.6 சதுர மீட்டர் இறக்கை, ஏற்றிய எடை 556 கிலோதான். கேமலுக்கு 21.5 சதுர மீட்டர், 659 கிலோ. பப் மிதக்கும். 1917 ஆகஸ்டில் ஓடிக்கொண்டிருந்த போர்க்கப்பலின் தளத்தில் முதன்முதலாக இறங்கியதே ஒரு பப்தான். அவ்வளவு மெதுவாகப் பறக்கும். மூக்கு அதற்கும் குட்டைதான், ஈயம் தப்பாது.

ஸ்டேர்மனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் பயிற்சி விமானம், முரட்டு உடம்பு, முன்னால் ஏழு சிலிண்டரும் வெளியே தெரிகிற எஞ்சின். மூக்கில் போலி சிலிண்டர்கள் வைத்தாலே பாதி ஈயத்துக்கான வேலை முடிந்துவிடும். ஏலரானும் கீழ் இறக்கையில் மட்டும்தான். கேமலைவிட எல்லா வகையிலும் பொறுமைசாலி, தரையைத் தவிர. சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி குறைவு. இறங்கி ஓடும்போது வால் முன்னால் வரப் பார்க்கும், சுழன்று இறக்கை நுனி தரையில் உரசும். நிஜ விமானத்துக்கும் இந்தக் கெட்ட பெயர் உண்டு. புல் வெட்டாத களத்தில் இது கொஞ்சம் மறையும், தார் ரோட்டில் மறையாது. நான் இதை மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுகூட இல்லை. அந்தத் தொப்பை. 1.63 மீட்டர் இறக்கை, பீப்பாய் மாதிரி உடம்பு. அவன் ஓட்டுவது மைவி, சின்ன கார். பின் இருக்கையை மடித்தால் விமானம் போகும், அவன் பெண்டாட்டி போக முடியாது. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

டைகர் மோத்துக்கு வருகிறேன். 1931 அக்டோபரில் முதலில் பறந்தது. 130 குதிரைத் திறன் ஜிப்ஸி மேஜர் எஞ்சின், நான்கு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கும். நம்ம ஊரோடு உறவுள்ள விமானம் இது. போருக்கு முன் மலாயாத் தன்னார்வ விமானப் படையில் இருந்தது. போர் முடிந்து 1950இல் மலாயாத் துணை விமானப் படை தொடங்கியபோது, பினாங்குப் பிரிவின் இளைஞர்கள் பறக்கக் கற்றதும் டைகர் மோத்தில்தான். நம் தலைக்கு மேல் பறந்த விமானத்தைக் கட்டுகிறோம் என்பது ஒரு தனி சுகம்.

சுகத்தை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். ஏலரான் கீழ் இறக்கையில் மட்டும். ஆகவே மேல் இறக்கையில் சர்வோ இல்லை, வயர் இல்லை, இணைப்புக் குச்சி இல்லை. மேல் இறக்கை வெறும் இறக்கை, பூட்டினால் போதும். மூக்கு நீளம், ஒல்லி. பேட்டரியை அதற்குள் நன்றாக முன்னால் தள்ளலாம், ஈயத்தின் தேவை பெரும்பாலும் போய்விடும். நிஜ விமானத்தின் இறக்கைப் பரப்பு 22.2 சதுர மீட்டர். ஆறில் ஒன்று என்றால் பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகும். சுமார் 62 சதுர டெசிமீட்டர். கட்டி முடித்து 2.7 கிலோவில் நிறுத்தினால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 44 கிராம் கூட இல்லை. என் கேமல் 52இல் இருந்தது. எட்டு கிராம் வித்தியாசம் என்று தோன்றும். கடைசித் திருப்பத்தில் வேகம் குறையும்போது அந்த எட்டு கிராம்தான் பேசும்.

குறையே இல்லையா? இரண்டு பெரிய குறை உண்டு.

முதலாவது, இறக்கை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நிஜ விமானத்தில் முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வசதியாக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் தள்ளினார்கள். அதனால் கெட்டுப்போன எடைச் சமநிலையைச் சரிக்கட்ட இறக்கையைப் பின்னால் சாய்த்தார்கள். யாரோ ஒருவர் தப்பிக்க வழி செய்ததற்கு நாம் மேசையில் கூலி கொடுக்கிறோம். தூண் எதுவும் செங்குத்தாக நிற்காது. பிளானைப் பார்த்துத் தூணை முன்கூட்டியே அறுத்து வைத்தால் இரண்டு மில்லிமீட்டர் குறையும், அல்லது கூடும். இதற்கு வழி ஒன்றுதான். கீழ் இறக்கையை உடம்பில் பூட்டி, மேசையில் மட்டம் பார்த்து நிறுத்து. மேல் இறக்கையை அட்டைத் தாங்கிகளில் அதன் இடத்தில் உட்கார வை. நான்கு இறக்கைப் பகுதியின் கோணத்தையும் அளந்து, இடதும் வலதும் அரை டிகிரிக்குள் ஒன்றாக இருக்கிறதா பார். அதற்கப்புறம் தூணை அளந்து அறு. இந்த ஒரு வேலைக்கு எனக்கு ஒரு தீபாவளி லீவு முழுசாகப் போனது. கோணத்தில் தப்பு விட்டால் அதைப் பறக்கும்போது டிரிம் வைத்து, அதாவது ரேடியோவில் மடலைக் கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளி வைத்து, மறைக்கலாம், ஆனால் வேகம் மாறும்போதெல்லாம் விமானம் உங்களிடம் அதை ஞாபகப்படுத்தும்.

இரண்டாவது, ஏலரானை மட்டும் அசைத்தால் விமானம் சாயும், மூக்கு எதிர்ப்பக்கம் போகும். வலது பக்கம் திரும்பச் சொன்னால் முதலில் இடது பக்கம் பார்க்கிற பிள்ளை. நிஜத்திலேயே இதைக் குறைக்க, கீழே இறங்கும் ஏலரான் மிகக் கொஞ்சமாகவே இறங்கும்படி வைத்திருந்தார்கள். ரேடியோவில் நாமும் அப்படி வைக்கலாம்: மேலே போவது முழு அளவு, கீழே இறங்குவது அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்துக்கு இடது கட்டைவிரல், அதாவது ரடர், வாலில் செங்குத்தாக நிற்கும் மடல். டிரெய்னரில் ரடரைத் தொடாமலே பறந்து பழகியவனுக்கு முதல் நாள் இது புளிக்கும். நான்காவது நாள் பிடித்துப்போகும்; ரடரோடு திரும்புகிற இரட்டை இறக்கையின் நடையே வேறு.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பினாங்குக்காரன் கட்ட வேண்டிய இரட்டை இறக்கை உண்மையில் டிராகன் ரேப்பிட்தான். 1937இல் வேர்ன்ஸ் விமானச் சேவை சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என்று பயணிகளை ஏற்றிப் பறந்தது அதில்தான். இரண்டு எஞ்சின், கூரான இறக்கை, 1935இல் திறந்த நம்ம பாயான் லெப்பாஸ் தளத்திலேயே இறங்கிய விமானம். எட்டில் ஒன்று அளவில் கட்டினாலும் 1.83 மீட்டர் வரும். எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை. மாப்பிள்ளைக்கு முதல் இரட்டை இறக்கையாக அதைச் சொன்னால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அடுத்து அவன் கேட்டது: "ஆறுல ஒண்ணா, எட்டுல ஒண்ணா மாமா?" நல்ல கேள்வி. டைகர் மோத்தின் நீளம் நிஜத்தில் 7.29 மீட்டர். எட்டில் ஒன்றில் உடம்பு 91 சென்டிமீட்டர், இறக்கை 1.12 மீட்டர். பூட்டிய நிலையிலேயே காரின் பின்கதவு வழியாகப் போய்விடும்; களத்தில் எடுத்து வைத்தால் பறக்கத் தயார். என் முதல் அளவுகோலின்படி இதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் எட்டில் ஒன்று ஒன்றே கால் கிலோவுக்குள் இருந்தால்தான் அழகாகப் பறக்கும். அந்தக் கனத்துக்கு மெல்லிய குச்சி, மெல்லிய ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் விலா எலும்பு). கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் விரல் உள்ளே போகும். ஒன்பது மணிக்கு லேசாகக் காற்று அடித்தாலே பட்டம் மாதிரி ஆடும். முதல் கட்டுமானத்தில் கை கனமாகத்தான் இருக்கும், பசை கூடத்தான் போகும். ஆறில் ஒன்று அதை மன்னிக்கும், எட்டில் ஒன்று மன்னிக்காது. ஆறில் ஒன்றில் பூட்டுகிற நேரத்தைக் குறைக்கத் தந்திரம் இருக்கிறது: பாரம் தாங்குவதை இறக்கைக் குச்சிகளுக்கும் தூண்களுக்கும் விட்டுவிட்டு, கம்பிக்குப் பதில் மணி கோர்க்கிற வெள்ளி நிற எலாஸ்டிக் நூலைக் கொக்கி போட்டு மாட்டலாம். பத்தடி தூரத்தில் யாருக்கும் தெரியாது. நான் பூட்டுவது பன்னிரண்டு நிமிஷம்.

கிட்டா, பாதி கட்டி வருகிற ரெடி விமானமா என்றும் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. ரெடி விமானம் இரண்டு ராத்திரியில் முடியும். வருகிற பெட்டியிலேயே பிலிம் ஒட்டி, கலர் போட்டு, படம் ஒட்டி வரும். அவசரக்காரருக்கு அது சரி, நான் திட்டமாட்டேன். ஆனால் அது உடைந்தால் உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாது. ரிப்புக்கு அளவு இல்லை, பிளான் இல்லை. கேமல் விழுந்தபோது மிச்ச இரண்டு கீழ் இறக்கைப் பகுதியையும் பிளானை விரித்து வைத்து நானே திரும்ப வரைந்து அறுக்க முடிந்தது. கட்டாமல் விட்டது என் சோம்பேறித்தனம்.

வெறும் பிளானை வாங்கி எல்லாவற்றையும் தானே அறுப்பது இன்னொரு வழி. ஐம்பது அறுபது ரிப்பைக் கத்தியால் ஒரே மாதிரி அறுக்கிற பொறுமை எனக்கு ஒருமுறை இருந்தது. லேசர் வெட்டு வந்த பிறகு அந்தப் பொறுமைக்கு வேலை இல்லை. லேசர் வெட்டிய ஓரம் காப்பி நிறத்தில் கருகியிருக்கும். ஒட்டுமுன் 240ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு இழு இழுத்தால் போதும். அப்போது எழும் வாசனை, அடுப்பில் தேங்காய்ச் சிரட்டை எரிகிற மாதிரி. பெட்டி திறந்ததும் ஒரு ரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மீன் செதில் மாதிரி புள்ளி புள்ளியாக மினுங்கினால் அது விறைப்பான வெட்டு, ரிப்புக்கு ஏற்றது. புள்ளி இல்லாமல் நீள நீளமாகக் கோடு மட்டும் ஓடினால் வளையக்கூடிய மரம். மூக்கின் வளைவை மூட அதை வைத்துக்கொள்ளலாம், ரிப்புக்கு அது சொத்தை.

மோட்டார் விஷயத்தில் நீட்ட ஒன்றும் இல்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் அந்தப் புடு புடு சத்தம் டைகர் மோத்துக்கு நகை மாதிரி. மூக்குக்குள் தலைகீழாகப் பொருத்தினால் நிஜம் மாதிரியே இருக்கும். ஆனால் தலைகீழாக இருக்கிற எஞ்சின் எரிபொருளில் மூழ்கி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும், மெத்தனால் எரிபொருளைத் தேடி அலைய வேண்டும், பறந்து முடித்தால் உடம்பெல்லாம் எண்ணெய். இரண்டரை மணி நேரத்தில் அரை மணி துடைப்பதற்கே போகும். மின் மோட்டார் போடு என்றேன். 2.7 கிலோவுக்கு 550இலிருந்து 600 வாட் தாராளம். நான்கு செல் பேட்டரியில் 40 ஆம்ப் இழுத்தால் கணக்கு சரியாக வரும். பெரிய விசிறி, மெதுவான சுழற்சி. சின்ன விசிறியை வேகமாகச் சுற்றினால் பறக்கும், ஆனால் டைகர் மோத் கொசு மாதிரி கத்தும்.

மேல் மூடுவதில் நம்ம ஊர் சீதோஷ்ணம் தனியாக ஒரு கட்சி. இங்கிலாந்துக்காரர்கள் பட்டுத்துணி ஒட்டி டோப் (துணியை இறுக்கும் ஒரு வார்னிஷ்) அடிப்பதை ரொம்ப உயர்வாகப் பேசுவார்கள். நானும் ஆசைப்பட்டு ஒரு நவம்பரில் வால் பகுதிக்கு டோப் அடித்தேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் வெள்ளை பூத்துவிட்டது, கோலமாவு தெளித்த மாதிரி. டோப்பில் உள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும்; நம் காற்றில் இருக்கிற ஈரம் அதன்மேல் படிந்து வெளுத்துவிடும். மழைக்காலத்தில் பினாங்கில் டோப் அடிப்பது, மழையில் அப்பளம் காயப்போடுவது. ஏர்கான் அறையில் செய்யலாம், ஆனால் அந்த நாற்றத்தோடு ஏர்கான் அறையில் யாரும் தூங்க முடியாது.

மிச்சம் இரண்டு. இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுகிற பிளாஸ்டிக் பிலிம், இல்லையென்றால் அதே மாதிரி ஒட்டுகிற துணி. பிலிம் லேசானது, பளபளக்கும், எண்ணெய் தண்ணீர் எதுவும் ஏறாது. ஆனால் 1930களின் விமானம் பளபளத்தால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும். வெயிலில் காரில் வைத்தால் சுருங்கிக் கோடு விழும், திரும்ப இஸ்திரி போட வேண்டும். துணி ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். ஆனால் இழை தெரியும், பெயின்ட் பிடிக்கும், இழுவையால் இறக்கை விறைக்கும். நான் இறக்கைக்கும் உடம்புக்கும் துணி, வாலுக்கு மட்டும் பிலிம் போடுவேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். எந்த மூடுதலானாலும் ஒன்று: எலும்புக்கூட்டை மூடாமல் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பால்சா ஈரத்தைக் குடிக்கும், வளையும். அலமாரிக்கு மேல் ஒன்பது வருஷம் கிடந்த என் முதல் இறக்கை கடைசியில் வாழைப்பழம் மாதிரி வளைந்துதான் கீழே இறங்கியது. ஓரத்தில் பூஞ்சையும் பிடித்திருந்தது. சூப்பர் குளூ இதற்கு நேர்மாறு, ஈரம் இருந்தால் சீக்கிரம் பிடிக்கும். அதனால் இங்கே திறந்த பாட்டில் ஒரு மாதம்கூடத் தாங்காது. சின்ன பாட்டிலாக வாங்கி, காலணிப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள். முக்கியமான மூட்டுகளுக்கு மரப் பசைதான், ஒரு ராத்திரி பொறுக்க வேண்டும்.

பணம். கிட்டின் விலையைப் பார்த்து ஏமாறாதே என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். என் அனுபவத்தில் கிட் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். மோட்டார், வேகக் கட்டுப்பாடு, நான்கு சர்வோ, பேட்டரி, துணி, சக்கரம், பெயின்ட், பசை என்று மிச்சம் சத்தமில்லாமல் போகும். வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கினால் 500 ரிங்கிட் வரைக்குமான சாமானுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பேட்டரியை வெளியிலிருந்து வரவழைக்காதே, லித்தியத்தை விமானத் தபாலில் அனுப்ப ஆயிரம் தொல்லை, இங்கேயே வாங்கு.

ஆக நான் அவனுக்கு எழுதிய பதில்: ஆறில் ஒன்று டைகர் மோத், லேசர் வெட்டிய கிட், மின் மோட்டார், துணி மூடுதல், எலாஸ்டிக் கம்பி. கேமலை இரண்டாவதாகக் கட்டு. அப்போது 400 கிராம் ஈயம் நான் சும்மா தருகிறேன், எனக்குத் தேவைப்படாது. ஸ்டேர்மன், பெரிய கார் வாங்கியதும்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "மாமா, ஆர்டர் போட்டுட்டேன். கலர் மட்டும் சொல்லுங்க. வெள்ளியா, மஞ்சளா?" வெள்ளி ரொம்ப அழகுதான். ஆனால் நம் வானம் பாதி நாள் வெளிறிய சாம்பல் நிறம். வெள்ளி விமானம் நூறு மீட்டர் போனால் அதில் கரைந்துவிடும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் ஏலரானைத் தப்பாக அடிப்போம். பயிற்சி விமான மஞ்சள் அடி, கீழ் இறக்கையின் அடிப்பக்கத்தில் மட்டும் அகலமாக இரண்டு கறுப்புப் பட்டை போடு என்றேன்.

பெட்டி இந்த வாரம் வந்திருக்கிறது. இறக்கையிலிருந்து ஆரம்பிக்கத் துடிக்கிறான். வேண்டாம், வாலைக் கட்டு என்றேன். சின்ன வேலை, கை பழகும், தப்பு விட்டால் திரும்பச் செய்யலாம். முடித்ததும் அக்காவின் சமையல் தராசில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் போட வேண்டியிருக்கும். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரடர் எல்லாம் சேர்த்து, மூடுவதற்கு முன் எழுபது கிராமைத் தாண்டினால் பசையைத் தொடாமல் எனக்கு ஃபோன் பண்ண வேண்டும்.